செல்ஃபிக்காக விதைக்கலாமா?

"ரோட்டோரமா ஒரு காணி நிலம் இருக்கு. சூரியகாந்தி போட்டு, நடுவுல ஒரு ஊஞ்சல் கட்டி, ஆளுக்கு அம்பது ரூபா வாங்கினா என்ன? நெல்லுல வராத காசு இதுல வருமே?"

நம்ம கூட்டங்களில் சமீப காலமாக இந்தக் கேள்வி வருகிறது. கேட்கிறவர்கள் விளையாட்டாகக் கேட்கவில்லை. வேலையை விட்டுவிட்டு விவசாயத்துக்கு வந்த பிள்ளைகளும், அப்பாவின் நிலத்தை விற்காமல் காப்பாற்றப் பார்க்கிற பிள்ளைகளும்தான் கேட்கிறார்கள். எங்கள் முசரவாக்கம் மாதிரி ஊரில் இந்த ஆசை வருவதற்குக் காரணமும் இருக்கு. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை பக்கத்திலேயே போகுது. சனி, ஞாயிறு ஆனால் காஞ்சிபுரத்துக்குக் கோயில் பார்க்கவும் பட்டு எடுக்கவும் வருகிற கார்களுக்குக் கணக்கே இல்லை. அதில் நூற்றுக்கு ஒரு கார் நம்ம கழனிப் பக்கம் திரும்பினாலும் போதுமே என்று தோன்றத்தானே செய்யும்?

அதனால் 'விவசாயி இதையெல்லாம் செய்யலாமா' என்று முகம் சுளித்துவிட்டுப் போக எனக்கு மனசில்லை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கழனிக்கு ஆட்கள் வரட்டும். படம் எடுக்கட்டும். அதற்குக் காசும் வாங்குவோம். ஆனால் படத்துக்காக மட்டும் ஒரு பயிரை விதைக்காதீர்கள். ஏன் என்று கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

பூ பார்க்க வந்த கூட்டம்

தென்காசி மாவட்டத்தில் சுந்தரபாண்டியபுரம் என்று ஒரு ஊர். சினிமா பார்க்கிறவர்களுக்குத் தெரிந்த பெயர்தான். 1992-ல் வந்த 'ரோஜா' படத்தின் கதையில் வருகிற கிராமம் இது. 2005-ல் வந்த 'அந்நியன்' படத்தின் பாட்டுக்காக இந்தப் பக்கத்துப் பாறைகளில் நடிகர்களின் முகங்களை வரைந்தார்கள். படப்பிடிப்பு முடிந்து எத்தனையோ வருஷம் ஆன பிறகும் 'அந்நியன் பாறை' என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் வருகிறார்கள். கேமராவுக்காகச் செய்த ஒன்று ஊருக்கு ஒரு புதுப் பெயரே வாங்கிக் கொடுத்துவிட்டது.

குற்றாலத்தில் சாரல் அடிக்கிற ஆடி, ஆவணி மாதங்களில் அந்தப் பக்கம் சூரியகாந்தி பூக்கும். மேற்குத் தொடர்ச்சி மலை பின்னால் நீலமாக நிற்க, முன்னால் மஞ்சள் விரித்தது போல வயல். செங்கோட்டையைத் தாண்டினால் கேரளா. அங்கிருந்து குடும்பம் குடும்பமாக வந்து வயலுக்குள் நின்று படம் எடுத்துப் போடுகிறார்கள். ஒருவர் போட்ட படத்தைப் பார்த்துப் பத்துப் பேர், பத்துப் பேர் படத்தைப் பார்த்து நூறு பேர். இதற்கு யாரும் விளம்பரம் கொடுக்கவில்லை.

கர்நாடகத்தில் மைசூருவிலிருந்து ஊட்டிக்கும் வயநாட்டுக்கும் போகிற வழியில் குண்டல்பேட்டை இருக்கிறது. அங்கேயும் இதே கதைதான். ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை சாலையின் இரண்டு பக்கமும் சூரியகாந்தியும் செண்டுமல்லியும். அங்கே விவசாயிகள் வயல் வாசலில் நின்று ஆளுக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. சும்மா விட்டாலும் ஆட்கள் மிதிக்கத்தான் போகிறார்கள். மிதிக்கிற காலுக்குக் காசாவது வரட்டும் என்று முடிவு பண்ணியிருக்கிறார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த இரண்டு இடத்திலும் பயிர் படத்துக்காகப் போட்டது கிடையாது. சூரியகாந்தி எண்ணெய்க்குப் போட்டது. குண்டல்பேட்டைச் செண்டுமல்லியில் பெரும்பங்கு சாமிக்கும் போகாது, மாலைக்கும் போகாது. சாயப்பொருள் எடுக்கிற ஆலைகளுக்குப் போகும். அங்கே பூவைக் காயவைத்துச் சாறு எடுப்பார்கள். கோழித் தீவனத்தில் அதைக் கலந்தால் முட்டையின் மஞ்சள் கரு நல்ல நிறமாக வரும். கண்ணுக்கான சத்து மாத்திரைகளிலும் அது சேருகிறது. வயலில் நின்று செல்ஃபி எடுக்கிற பிள்ளைக்கு, காலையில் சாப்பிட்ட முட்டையின் மஞ்சள் நிறம் இந்தப் பூவிலிருந்துகூட வந்திருக்கலாம் என்று தெரியாது. தெரியப்படுத்தவும் அங்கே ஒரு பலகை இல்லை.

பயிர் ஒரு கணக்கில் நடக்கிறது. படம் அதன் மேல் வந்து உட்கார்ந்த இன்னொரு கணக்கு. நம்ம பிள்ளைகள் கேட்பது இதைத் தலைகீழாக்குகிற விஷயம். கணக்கு படத்திலிருந்து தொடங்கும், பயிர் அதற்கு அலங்காரமாக நிற்கும். சிக்கல் அங்கேதான்.

காலை ஒன்பது மணிக்கு யாருடைய வேலை நடக்கிறது?

சூரியகாந்தி 90 முதல் 100 நாள் பயிர். அதில் படத்துக்கு ஏற்ற மாதிரி நிற்பது பத்துப் பன்னிரண்டு நாள்தான். இளம் மொட்டாக இருக்கும்போது சூரியனோடு திரும்பிக்கொண்டே இருக்கும். முழுசாக மலர்ந்த பிறகு கிழக்கே பார்த்தபடி நின்றுவிடும். அதனால் படம் எடுக்க வருகிற எல்லோரும் காலையில் வருவார்கள், எல்லோரும் கிழக்குப் பக்கத்து வரப்பில் கூடுவார்கள். அந்த ஒரு பக்கத்துச் செடிகள்தான் எல்லா மிதியையும் வாங்கும்.

அதே காலை நேரத்தில்தான் தேனீயும் வேலை செய்யுது. சூரியகாந்தியில் அயல் மகரந்தச் சேர்க்கை நடந்தால்தான் மணி பிடிக்கும். தேனீ வராவிட்டால் தட்டு பெரிசாக இருக்கும், உள்ளே பொக்கு. அதனால்தான் வேளாண் பல்கலைக்கழகமே வயலில் தேனீப் பெட்டி வைக்கச் சொல்கிறது. தேனீ குறைவாக இருந்தால் காலை 9 மணியிலிருந்து 11 மணிக்குள் ஒரு பூவை இன்னொரு பூவோடு லேசாகத் தேய்த்து விடச் சொல்கிறது. அந்த இரண்டு மணி நேரம் விவசாயிக்கு விளைச்சல் தீர்மானமாகிற நேரம். வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று ஆட்கள் வந்து குவிகிற நேரமும் அதுதான்.

ஒரு பூவை வளைத்துக் கன்னத்தில் வைத்தால் தண்டு நெரியும். ஒன்றிரண்டு பேர் செய்தால் தெரியாது. ஐநூறு பேர் செய்தால் ஓரத்து நாலு வரிசை சாய்ந்துவிடும். ஈரமான மண்ணில் ஆள் நடந்தால் மண் இறுகும். மூடாக்குப் போட்டு, மண்புழுவை வரவழைத்து, மூன்று நான்கு வருஷம் பாடுபட்டுப் பொலபொலவென்று ஆக்கிய மண்ணை ஒரு ஞாயிற்றுக்கிழமை கெட்டிப்படுத்திவிடும். இது நம்ம மாதிரி இயற்கை விவசாயிக்குக் கூடுதல் நஷ்டம். டிராக்டரைக்கூட யோசித்துத்தான் உள்ளே இறக்குகிறோம்.

செருப்போடு வருகிற மண்ணையும் யோசிக்கணும். ஜப்பானின் வடக்கே ஹொக்கைடோ தீவில் பியெய் என்று ஒரு ஊர். மேடும் பள்ளமுமாக உருளைக்கிழங்கு, கோதுமை, பீட்ரூட் வயல்கள். ஒரு விவசாயியின் நிலத்தில் சாய்ந்து நின்ற தனி நெட்டிலிங்க வகை மரம் ஒன்றுக்கு 'தத்துவ மரம்' என்று பெயர் வைத்துப் படம் எடுக்கக் கூட்டம் கூடியது. வயலுக்குள் இறங்காதீர்கள் என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. மரமும் வயசாகி வலுவிழந்து நின்றது. 2016 பிப்ரவரியில் நிலத்துக்காரரே அதை வெட்டிச் சாய்த்தார். வெளியூர்ச் செருப்பில் ஒட்டி வருகிற மண்ணில் நூற்புழுவும் நோய்க்கிருமியும் வந்துவிடும் என்பது அந்த ஊர் விவசாயிகளின் பெரிய பயம். நமக்கும் இது தூரத்துக் கதை இல்லை. உருளைக்கிழங்கில் வருகிற முட்டைக்கூட்டு நூற்புழு 1961-ல் நீலகிரியில் கண்டுபிடிக்கப்பட்டது. இத்தனை வருஷம் ஆகியும் அந்த மண்ணை விட்டு அதை முழுசாகப் போக்க முடியவில்லை.

காசு வாங்கிவிட்டால் எல்லாம் ஒழுங்காகிவிடும் என்றும் சொல்ல முடியாது. கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில், ஹாமில்டன் நகரத்துக்குப் பக்கத்தில் போகிள் விதைப் பண்ணை என்று ஒன்று. பறவைத் தீவனத்துக்காகச் சூரியகாந்தி போடுகிற குடும்பம். 2018 கோடையில் ஆளுக்கு ஏழரை டாலர் வாங்கிக்கொண்டு படம் எடுக்க விட்டார்கள். முதல் சில நாள் நன்றாகத்தான் போனது. படம் இணையத்தில் பரவியதும் ஒரு சனிக்கிழமை ஆயிரக்கணக்கான கார்கள் வந்துவிட்டன. போலீஸ் கணக்கு 7,000 கார். சாலை அடைத்து, பக்கத்து வீட்டுக்காரர்கள் திணறி, போலீஸ் வந்து நிறுத்தவேண்டியதாகிவிட்டது. பத்து நாள்கூட ஆகவில்லை, மூடிவிட்டார்கள். மூடிய பிறகும் ஆட்கள் வருவது நிற்கவில்லை. கதவைத் திறப்பது நம்ம கையில் இருக்கு. மூடுவது நம்ம கையில் இருக்குமா என்பதையும் யோசித்துத்தான் திறக்கணும்.

காசுக் கணக்கையும் நேர்மையாகப் போடுவோம்

இறவையில் ஒரு ஏக்கருக்கு 7 குவிண்டால் விதை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2025–26க்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,721 ரூபாய். முழு விலையும் கிடைத்தால் ஏக்கருக்கு 54,047 ரூபாய். அந்த விலை கைக்கு வராத வருஷங்களும் உண்டு என்பது நமக்குத் தெரியும். உழவு, விதை, களை, அறுவடைச் செலவு இதில் போகணும்.

இன்னொரு பக்கம், ஒரு நாளைக்கு 100 பேர், ஆளுக்கு 50 ரூபாய், பத்து நாள் என்று வையுங்கள். 50,000 ரூபாய். அதுவும் விதையை விற்பதற்கு முன்னாலேயே, கையில் ரொக்கமாக. ஆசை வராமல் இருக்குமா? இந்தக் கணக்கு பொய் என்று நான் சொல்லமாட்டேன். முதல் வருஷம் சிலருக்கு இது நடக்கும்.

இரண்டாம் வருஷம் என்ன ஆகும்? அதே சாலையில் இன்னும் நாலு பேர் போடுவார்கள். ஐம்பது ரூபாய் முப்பதாகும். ஊஞ்சல் வைத்தவன் பக்கத்தில் இதய வடிவ வளைவு வைத்தவன் வருவான். அவன் பக்கத்தில் பிளாஸ்டிக் சிறகு வைத்தவன் வருவான். அப்புறம் பூவே தேவையில்லை, பின்னணிப் பலகை போதும் என்று ஆகும். சென்னையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் 2016-லேயே படம் எடுப்பதற்கென்று ஓவிய அருங்காட்சியகம் வந்துவிட்டது. மெரினாவில் 2021-ல் 'நம்ம சென்னை' என்று எழுத்துகளையே சிலையாக வைத்தார்கள். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவில் 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் 37 கோடி ரூபாயில் கட்டி 2024 டிசம்பரில் திறந்திருக்கிறார்கள். படம் எடுக்க இடம் கொடுக்கிற போட்டி என்று வந்துவிட்டால், ஒரு காணிக்காரர் யாரோடு போட்டி போடப்போகிறார் என்று பாருங்கள்.

கடன் வாங்கி இறங்கியிருந்தால் இன்னும் மோசம். நெல் விலை விழுந்தால் வீட்டுக்கு அரிசியாவது மிஞ்சும். கூட்டம் வராத செல்ஃபி வயலில் என்ன மிஞ்சும்?

படத்துக்கு வேண்டிய வயலும் நமக்கு வேண்டிய வயலும்

எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. படத்துக்கென்று விதைத்தால் விவசாயமே மாறிவிடும்.

படத்துக்கு எல்லாச் செடியும் ஒரே உயரத்தில், ஒரே நாளில் பூக்கணும். அதற்கு வீரிய ஒட்டு விதைதான் சரிவரும். இலையில் ஓட்டை இருக்கக்கூடாது, பூவில் புழு தெரியக்கூடாது. அதற்கு மருந்து அடிக்கச் சொல்லி மனசு தூண்டும். பூக்கிற நேரத்தில் மருந்து அடித்தால் தேனீ போச்சு. தேனீ ஆளைக் கொட்டிவிட்டால் வியாபாரம் கெடும் என்று தேனீயை விரட்டவும் ஆள் வரும். நடுவில் ஊடுபயிர் இருந்தால் படத்தில் அசிங்கமாகத் தெரியும். வரப்பில் நாம் ஆசையாக விட்டுவைத்த துத்தியும் குப்பைமேனியும் 'களை' ஆகிவிடும்.

நம்ம வயல் எப்படி இருக்கும்? உளுந்தும் ஆமணக்கும் ஓரத்தில் நிற்கும். இலையில் நாலு ஓட்டை இருக்கும். கிளி வந்து தட்டில் கொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராக நடந்து சொன்னதெல்லாம் இப்படிப்பட்ட உயிரோட்டமான வயலைப் பற்றித்தானே? பூச்சி இல்லாத வயலைப் பார்த்தால் நமக்குச் சந்தேகம் வரும். படம் எடுக்க வருகிறவருக்கு அதுதான் அழகு. இந்த இரண்டு கண்ணும் ஒரே வயலில் ஒத்துப்போவது கஷ்டம்.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க ரொம்ப தூரம் போகவேண்டாம். நம்ம ஊர்த் தறியைப் பாருங்கள். பட்டுக்கடையில் காட்சிக்கென்று ஒரு தறியைப் போட்டு வைப்பதும், வருகிறவர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுப்பதும் நமக்குப் பழகிப்போன காட்சி. அசல் கோர்வைச் சேலையில் உடலும் கரையும் தனித்தனி நிறம். மூன்று நாடா ஓடணும், தறியில் இரண்டு பேர் உட்காரணும். உடலும் கரையும் சேருகிற இடத்தில்தான் நெசவாளரின் கைத்திறமை முழுசும் இருக்கு. காஞ்சிப் பட்டுக்கு 2005-லேயே புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் விசைத்தறியில் ஓட்டிய சேலையைக் 'காஞ்சிப் பட்டு' என்று விற்பது நிற்கவில்லை. தறியின் படம் லட்சம் பேர் போனில் இருக்கிறது. கோர்வை எது என்று தொட்டுப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவர் எத்தனை பேர்? படம் பரவியதால் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் தறிக்குத் திரும்பி வந்துவிட்டார்களா? வரவில்லை. பக்கத்தில் இருக்கிற தொழிற்சாலைகளுக்கு வேன் ஏறிப் போகிறார்கள்.

தறி போன வழியில் கழனியும் போகக்கூடாது என்பதுதான் என் கவலை. நம்மைப் பின்னணியாக வைத்துப் படம் எடுப்பார்கள். அரிசி மட்டும் பல்பொருள் அங்காடியில் வாங்குவார்கள்.

நெல்லையே ஓவியமாக நட்ட ஊர்

கதவை மூடிவிடுங்கள் என்று சொல்லவும் எனக்கு இஷ்டமில்லை. 'நகரத்துப் பிள்ளைகளுக்கு நெல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை' என்று மேடைக்கு மேடை நாம்தான் பேசுகிறோம். அந்தப் பிள்ளை போனைத் தூக்கிக்கொண்டு கழனிக்கு வரும்போது விரட்டினால் எப்படி? அது வந்த காரணம் படமாகவே இருக்கட்டும். போகும்போது வேறு ஏதாவது எடுத்துக்கொண்டு போகும்படி செய்வது நம்ம சாமர்த்தியம்.

இதை நன்றாகச் செய்த ஊர் ஒன்று ஜப்பானிலேயே இருக்கிறது. அவோமோரி மாகாணத்தில் இனகடாதே. எட்டாயிரத்துக்கும் குறைவானோர் வாழ்கிற, நெல் விளைகிற கிராமம். ஊரைக் கவனிக்க யாரும் வருவதில்லை என்ற நிலையில், 1993-ல் நெல்லையே நிறமாக வைத்து ஒரு மலையின் ஓவியத்தை வயலில் நட்டார்கள். சாயம் கிடையாது. அவர்களுடைய பழைய பாரம்பரிய ரகங்களில் இலை ஊதாவாக வருவது ஒன்று, மஞ்சளாக வருவது ஒன்று. வழக்கமாகச் சாப்பாட்டுக்குப் போடுகிற ரகத்தின் பச்சையோடு இந்த இரண்டையும் சேர்த்து நட்டார்கள். வருஷா வருஷம் ஓவியம் நுட்பமாகிக்கொண்டே வந்தது. ஆண்டுக்கு இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் வந்த வருஷங்களும் உண்டு.

இதில் நாம் கற்க வேண்டியது மூன்று. ஒன்று, பார்க்க வருகிறவர் வயலுக்குள் இறங்குவதில்லை. ஊராட்சி அலுவலகத்தின் மேல்மாடியிலிருந்து பார்க்கிறார், அதற்குக் கட்டணம் கொடுக்கிறார். இரண்டு, நடவுக்கும் அறுவடைக்கும் வெளியூர்க்காரர்களையே கூப்பிடுகிறார்கள். சேற்றில் இறங்கி நாற்று நட்டவர் அந்தப் படத்தை வேறு மாதிரிப் பார்ப்பார். மூன்று, நிலத்துக்காரரின் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. 2008-ல் செலவைச் சமாளிக்க ஒரு நிறுவனத்தின் விளம்பரச் சின்னத்தை ஓவியத்தோடு நட்டார்கள். நிலம் கொடுத்தவர் ஒத்துக்கொள்ளவில்லை. நட்ட நாற்றைப் பிடுங்கினார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அது நெல். பார்க்க ஆள் வராவிட்டாலும் அறுத்துச் சோறு பொங்கலாம்.

நம்ம நாட்டிலும் இது நடந்திருக்கிறது. தஞ்சை மாவட்டத்தில் ஓர் இயற்கை விவசாயி, இலை கருஊதாவாக வருகிற பாரம்பரிய நெல்லையும் பச்சை ரகத்தையும் சேர்த்து நட்டு, நம்மாழ்வார் ஐயாவின் முகத்தைத் தன் வயலில் கொண்டுவந்தார். வந்தவர்கள் படம் எடுத்தார்கள். அதோடு அந்த நெல்லின் பெயரையும் கேட்டுக்கொண்டு போனார்கள். ஒரு படம் ஒரு விதையின் பெயரை ஊருக்குள் கொண்டுபோகிறது என்றால் அந்தப் படத்தை நான் வரவேற்கிறேன்.

செய்வதாக இருந்தால் இப்படிச் செய்யலாம்

முதலில் ஒரு கேள்வியை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். இந்தப் போகத்தில் ஒரு ஆள்கூடப் பார்க்க வரவில்லை என்றாலும் இந்த விதைப்பு எனக்குக் கட்டுப்படியாகுமா? ஆகும் என்றால் தைரியமாகப் போடுங்கள். கூட்டம் வந்தால்தான் கட்டுப்படியாகும் என்றால் வேண்டாம், விட்டுவிடுங்கள்.

போடுவதென்று முடிவு செய்தால், என் அனுபவத்தில் தோன்றுகிற சில யோசனைகள்:

முழு நிலத்தையும் ஒதுக்காதீர்கள். சூரியகாந்தி என்றால் பத்து இருபது சென்ட் போதும். நிலக்கடலைக்கு ஓரப்பயிராகக்கூடப் போடலாம். கிழக்குப் பக்கத்தில் நாலடி அகலத்துக்குப் பாதை விட்டு, மூங்கிலில் ஒரு சின்னப் பரண் கட்டிவிட்டால் ஆட்கள் செடிக்குள் நுழையமாட்டார்கள். பரணிலிருந்து எடுத்தால் படமும் நன்றாக வரும்.

பூக்கிற நாட்களில் காலை 9 முதல் 11 வரை யாரையும் உள்ளே விடாதீர்கள். 'இது தேனீ வேலை செய்யும் நேரம்' என்று பலகையில் எழுதி வையுங்கள். கோபித்துக்கொள்ளமாட்டார்கள். குழந்தைகள் அதைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்கும். சாயங்கால வெளிச்சத்திலும் நல்ல படம் வரும்.

வாசலில் ஒரு தொட்டியில் தண்ணீர் வைத்துக் காலைக் கழுவிவிட்டு வரச் சொல்லுங்கள். கோயில் ஊர்க்காரர்கள் நாம். காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வருவதை யாருக்கும் நாம் விளக்க வேண்டியதில்லை. ஒரு நேரத்தில் இத்தனை பேர் என்று வரம்பு வையுங்கள். முன்கூட்டியே போனில் சொன்னவர்களை மட்டும் விடுங்கள். கல்யாணப் படப்பிடிப்புக்காரர்கள் ஒரு நாள் முழுக்க இடத்தைப் பிடித்துக்கொள்வார்கள். அவர்களுக்குத் தனிக் கட்டணம், தனி நாள்.

நுழைவுச் சீட்டு என்று வெறும் காசு வாங்காதீர்கள். நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு அரைக் கிலோ பாரம்பரிய அரிசியோ, ஒரு சின்னப் பாட்டில் செக்கு எண்ணெயோ, வேர்க்கடலையோ கையில் கொடுங்கள். படம் ஒரு வாரத்தில் கீழே போய்விடும். சாப்பிட்ட ருசி மறுபடி போன் பண்ண வைக்கும். பத்து நாளில் ஆயிரம் பேர் வந்து, அதில் முப்பது குடும்பம் மாதாமாதம் அரிசி வாங்கினால், வாசலில் வாங்கிய காசைவிட அது பெரிசு. அடுத்த வருஷம் கூட்டம் வேறு ஊருக்குப் போனாலும் அந்த முப்பது குடும்பம் போகாது.

பயிரின் பெயர், ரகத்தின் பெயர், விதைத்த தேதி, அறுக்கப்போகிற தேதி, ஊரின் பெயர், உங்கள் பெயர் எல்லாம் பெரிய எழுத்தில் பலகையில் இருக்கட்டும். படத்தில் அதுவும் விழும்படி வையுங்கள். வயலோடு விவசாயியும் படத்தில் இருக்கட்டும், கூச்சப்படாதீர்கள்.

பூ முடிந்து தட்டு காய்ந்து தொங்கும்போதும் வந்தவர்களைக் கூப்பிடுங்கள். அது படத்துக்கு அழகாக இருக்காது. ஆனால் விதை அடிப்பதையும் செக்கில் ஆட்டுவதையும் பார்க்க ஒரு பத்துப் பேராவது வருவார்கள். நமக்கு வேண்டியவர்கள் அந்தப் பத்துப் பேர்தான்.

எங்கள் பகுதியில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று போகத்திலும் ஏதாவது ஒரு கழனி பச்சையாக இருக்கும். ஏரி நிரம்பின வருஷத்தில் கலங்கலில் தண்ணீர் வழிகிற அழகுக்கு ஊஞ்சலும் வளைவும் தேவையே இல்லை. அடுத்த சம்பாவில் ஐந்து சென்ட்டில் ஊதா இலை நெல்லை நட்டுப் பார்க்க நினைக்கிறேன். அதன் ஓரத்தில் செங்கல்பட்டு சிறுமணியும் நிற்கும். உங்களில் யாரிடமாவது ஊதா இலை ரகத்தின் விதை இருந்தால், அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒரு கைப்பிடி கொண்டுவாருங்கள். நானும் பதிலுக்கு விதை தருகிறேன்.